ஞாயிற்றை முன்னால் நகர்த்திய செல்வி

ஆர்டர் கொடுத்த ஹன்னா ஜெர்மனியிலிருந்து சரக்கைப் பார்க்க வந்திருந்தார். செக்கிங் மேசையில் விரித்துப் போட்டிருந்த துணிக் காலண்டரின் மேல் அவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி முடிந்து பிப்ரவரி, பிப்ரவரி முடிந்து மார்ச். எல்லா மாதத்திலும் இடது ஓரத்தில் இருந்த முதல் வரிசையிலேயே அந்த விரல் இறங்கியது.

மேசைக்கு இந்தப் பக்கம் என் நாத்தனார் செல்வி முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றிருந்தாள். விருந்தாளிக்குப் பிடித்த பலகாரத்தைக் கேட்காமலேயே செய்துவைத்துவிட்டு, அவர் முதல் வாய் வைப்பதைப் பார்த்து நிற்போமே, அப்படி ஒரு நிற்பு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தையல் மெஷின்கள் நின்றிருந்தன. ஷெட்டுக்குள் புதுச் சாயத்தின் வாசனையும், இஸ்திரி போட்ட துணியின் சூடும், யாரோ திறந்த டிபன் பாக்ஸிலிருந்து கொள்ளுப் பருப்பு வாசனையும் கலந்து வந்தன.

ஹன்னா நிமிர்ந்தார். "செல்வி, இதில் வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறதே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். செல்வியின் சிரிப்பு இன்னும் பெரிதானது.

"ஆமாங்க மேடம். நீங்க மறந்தாப்பல திங்கள்ல ஆரம்பிச்சுப்போட்டீங்க. அதை நாங்களே சரி பண்ணிப்போட்டமுங்க."

இதை எந்த ஆங்கிலத்தில் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. ஹன்னாவின் முகம் வெளுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

துணியில் ஒரு வருஷம்

செல்வி என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள். அவளுக்கு நான் நங்கை. கோயம்புத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் அவரும் சென்னிமலைக்கே வந்துவிட்டோம். எக்ஸ்சேஞ்சில் கற்ற ஆங்கிலத்துக்கு இனி வேலையில்லை என்று நினைத்தேன். செல்வி விடுவாளா? "நங்கை, ஊட்டுல சும்மாதான இருக்கறீங்க, சித்த வந்து இந்த மெயிலப் படிச்சுச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தவள், என்னை அவளுடைய ஷெட்டின் நிரந்தர மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிட்டாள். சம்பளம் காபி.

மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஷெட். சமையலறைத் துண்டுகளுக்கு ஓரம் அடித்து, செக் செய்து, மடித்து, பெட்டியில் போடுவது வேலை. பல வருஷம் ஒரு பெரிய ஏற்றுமதிக்காரருக்கு ஜாப் ஒர்க்தான் செய்துகொண்டிருந்தாள். உழைப்பு எல்லாம் இவளுடையது, துண்டின் மூலையில் இருக்கும் லேபிள் மட்டும் அவர்களுடையது. ஒருநாள் அவர்களுடைய சூப்பர்வைசர், எல்லாப் பெண்களின் முன்னாலும் "நாங்க இல்லீன்னா உனக்கு அடுத்த வாரமே இல்லம்மா" என்று சொல்லிவிட்டான். செல்வி கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனியோடு கணக்கை முடித்துக்கொண்டாள். சொந்தமாகப் பிரிண்டிங் மேசை போட்டாள். அவள் பெயர் போட்ட லேபிளோடு போகவிருந்த முதல் ஆர்டர்தான் இந்தக் காலண்டர். இது ஊற்றிக்கொண்டால் மறுபடியும் அதே ஏற்றுமதிக்காரர் வாசலில் போய் நிற்கவேண்டும். ஷெட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

காலண்டர் என்றால் காகிதக் காலண்டர் இல்லை. துண்டு அகலத் துணியில் மேலே பூப்படம், கீழே பன்னிரண்டு மாதமும் அச்சடித்து, சமையலறைச் சுவரில் தொங்கவிடுவது. ஜெர்மனியில் அதற்கு நல்ல கிராக்கி. வருஷம் முடிந்ததும் அதையே பாத்திரம் துடைக்க எடுத்துக்கொள்வார்களாம். இதைக் கேட்டதும் ஷெட்டுப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நம் வீட்டில் காலண்டர் என்றால் முருகனோ லட்சுமியோ இருப்பார்கள். வருஷம் முடிந்தாலும் படத்தைக் கத்தரித்து மாட்டுகிற ஜாதி நாம்.

பாவம், அவங்க கவனிக்கல

டிசைன் வந்த வாரம் நான் மதுக்கரையில் என் தம்பி வீட்டு விசேஷத்தில் இருந்தேன். நடந்ததைப் பிறகு செல்வி சொல்லித்தான் கேட்டேன்.

அச்சு ஸ்கிரீனுக்கு டிசைன் போடுகிற பிரபு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, "அக்கா, இங்க பாருங்க, ஞாயித்துக்கெழமயக் கடைசில போட்டிருக்காங்க" என்றிருக்கிறான். செல்வி பார்த்தாள். உண்மைதான். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த ஒவ்வொரு மாதக் காலண்டரிலும் ஞாயிறு முதலில், சிவப்பில் இருந்தது. மளிகைக் கடைக் காலண்டர், நகைக் கடைக் காலண்டர், ஸ்கூல் காலண்டர், எல்லாம் அப்படித்தான். இதில் சிவப்பு நிறம் கடைக்கோடியில் கிடந்தது. போதாததற்கு இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ வரிசை எண்கள் வேறு.

"இது என்னக்கா நெம்பரு?"

"வேலை பண்றப்ப கணக்குக்குப் போட்டிருப்பாங்க கண்ணு. அழிக்க மறந்திருப்பாங்க. நீ அழிச்சுடு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமாக்கா?"

இந்த இடத்தில்தான் செல்வி எங்கள் ஊர்க்காரியாக நடந்துகொண்டாள். "அவ்வளவு தூரத்துல இருந்து நம்மள நம்பிக் குடுத்திருக்கற மனுசிகிட்ட, உங்களுக்கு ஒரு காலண்டரு கூட ஒழுங்காப் போடத் தெரீலீங்கன்னா சொல்றது? சங்கடப்பட மாட்டாங்களா? நாமளே சத்தமில்லாமச் சரி பண்ணிப்போடலாம்."

கொங்கு நாட்டு மரியாதை இதுதான். விருந்தாளி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு வந்தால் பார்க்காதது போல் இருப்போம். அவர் பாயசத்தில் ரசம் ஊற்றிக்கொண்டால் நாமும் ஊற்றிக்கொள்வோம். ஒருவரை முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்வதைவிட மலையை மூன்று சுற்றுச் சுற்றி வருவது சுலபம் எங்களுக்கு. நான் அன்று அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பிரபு நாள் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்தையும் நகர்த்தினான். ஒரு தேதி பிசகவில்லை. நிறம் பார்க்க ஹன்னாவுக்கு அனுப்பிய மாதிரித் துணியில் மேலே இருக்கிற பூப்படம் மட்டும்தான் இருந்தது. அவரும் ஓகே சொல்லிவிட்டார். மொத்தச் சரக்கும் அச்சாகி, ஓரம் அடித்து, மடித்து முடித்த பிறகுதான் அவர் நேரில் வந்தார்.

புதனில் வந்த ஞாயிறு

கொஞ்சம் பின்னால் போகிறேன். வாரம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. நான் வளர்ந்த வீட்டில் அது தினப்படிச் சண்டை.

என் அப்பா மதுக்கரையில் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தார். சூளை அணையாது, ஆகவே ஆலைக்கு ஞாயிறு கிடையாது. அப்பாவுக்கு வார விடுமுறை பல காலம் புதன்கிழமை. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, சாயங்காலம் பாலக்காட்டு ரோட்டோரம் காற்று வாங்க நடை. ஊருக்கெல்லாம் ஞாயிறு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, எங்கள் வீட்டுக்குப் புதனில் வந்தது. "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். கறி சாப்பிட்டுவிட்டு அரை நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட முடியாத வருத்தம் எனக்கு.

பக்கத்து குவார்ட்டர்ஸ் டீச்சர் வீட்டில் வேறு கணக்கு. அவர்கள் கிறிஸ்தவர்கள். கடவுள் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்தார், அது சனி, இயேசு உயிர்த்தெழுந்தது அதற்கு மறுநாள், ஆகவே வாரத்தின் முதல் நாள் ஞாயிறு என்று டீச்சர் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். "வேலை பார்த்துவிட்டுச் சாமி கும்பிடுவது இல்லை, சாமி கும்பிட்டுவிட்டு வேலை பார்ப்பது" என்பார். யூதர்களுக்கு இன்றைக்கும் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், அதுவும் வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சத்தியமங்கலம் தாண்டி மலைமேல் தாளவாடிப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே திங்கட்கிழமை எருதுக்கு ஏர் பூட்டமாட்டார்கள். சிவனுடைய நாள், ஆகவே நந்திக்கு ஓய்வு. மாட்டுக்கு லீவு என்றால் மனிதனுக்கும் லீவு. தறிக்காரர்களுக்கோ அமாவாசைதான் ஓய்வு என்று சென்னிமலைக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு கேள்விப்பட்டேன். சுற்றியிருக்கிற ஊர்களில் யாரையாவது எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "வார சந்தைக்கு வாரனுங்க" என்பார்கள். அவரவர் ஊர்ச் சந்தை கூடுகிற நாள்தான் அவரவர் வாரத்துக்கு முளைக்குச்சி.

என் மகன் துபாய்க்கு வேலைக்குப் போன புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தால் "அம்மா, ஆபீஸ்ல இருக்கேன்" என்று குசுகுசுப்பான். அங்கே அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிற பிள்ளையை நினைத்து நான் அன்றைக்குக் கறி எடுக்கமாட்டேன். இப்போது அங்கேயும் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். ஈரானில் வாரமே சனிக்கிழமைதான் தொடங்குகிறதாம்.

ஊரோடு ஒத்து வாழ் என்கிறார்கள். எந்த ஊரோடு என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஜெயித்த வாய், தோற்ற சரக்கு

செக்கிங் மேசைக்கு வருகிறேன்.

ஹன்னா மெதுவாக விளக்கினார். அவர்கள் நாட்டில் காலண்டர் திங்களில்தான் தொடங்கும். சமையலறையில் நின்றபடி ஒரு பார்வை பார்த்து, மூன்றாவது கட்டம் என்றால் புதன் என்று டாக்டரிடம் நாள் வாங்குவார்கள். இந்தக் காலண்டரை நம்பினால் ஒருநாள் முன்னதாகப் போய் நிற்பார்கள். ஓரத்தில் நாங்கள் அழித்த பொடி எண்கள், வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்று காட்டுகிற எண்கள். அங்கே பிளம்பர்கூட "இருபதாவது வாரம் வருகிறேன்" என்றுதான் சொல்வாராம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் நாத்தனாரைத் தப்புச் சொல்ல ஒருத்தி பிறந்து வர வேண்டும். மதுக்கரை டீச்சர் எனக்குள்ளிருந்து எழுந்தார். "உங்கள் பைபிள்படியே வாரத்தின் முதல் நாள் ஞாயிறுதானே அம்மா?" என்று கேட்டேன். பிறகு நூர்ஜஹானைக் கூப்பிட்டேன். பேக்கிங் பிரிவு அவள் பொறுப்பு. "சொல்லு, உங்கள்ல எப்படி?" என்றேன். "அரபியில ஞாயித்துக்கெழமைக்குப் பேரே முதல் நாளுன்னு அர்த்தங்க. திங்கள் ரெண்டாம் நாளு. வெள்ளிக்கு மட்டும் நெம்பர் கெடையாதுங்க, அது ஜும்மா" என்றாள். அதையும் மொழிபெயர்த்து மேசைமேல் வைத்தேன்.

ஹன்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் சொல்வது சரி. நான் பிறப்பதற்கு முன்பு எங்கள் நாட்டுக் காலண்டர்களிலும் ஞாயிறுதான் முதலில் இருந்தது. புதன்கிழமைக்கு எங்கள் மொழியில் நடு வாரம் என்றுதான் பெயர். ஞாயிறிலிருந்து எண்ணினால்தான் புதன் நடுவில் வரும்" என்றார்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு செல்வியைப் பார்த்தேன்.

"நங்கை, கோவிச்சுக்காதீங்க, சித்த சும்மா இருங்க" என்றாள் செல்வி. "நீங்க ஜெயிச்சுப்போட்டீங்க. இந்தச் சரக்க அவங்கூர்ல யாரு மாட்டுவாங்க?"

அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"தப்பு எங்குளுதுங்க மேடம். கேட்டிருக்கோணும், கேக்காமப் போயிட்டோம். எல்லாத்தையும் மறுக்கா அடிச்சுக் குடுக்கறோம்."

ஹன்னா பதறினார். அடுத்த சனிக்கிழமை லாரி தூத்துக்குடிக்குப் போயாக வேண்டும், ஒரே வாரத்தில் முடியாது, இருப்பதையே தள்ளுபடியில் விற்கப் பார்க்கலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"என்ற பேரு போட்ட மொதல் சரக்குங்க. தள்ளுபடில போகக்கூடாது" என்றாள் செல்வி.

விட முடியாத நாள்

பக்கத்துத் தறிக்காரர்களிடம் அதே ரகத் துணி இருந்தது. அன்று மாலைக்குள் அதை வாங்கிச் சேர்த்தாகிவிட்டது. பிரபு மறுபேச்சில்லாமல் பழைய டிசைனை எடுத்துப் புது ஸ்கிரீனுக்கு உட்கார்ந்தான். ஆள்தான் பிரச்சினை. மறுநாள் ஞாயிறு, ஷெட்டுக்கு விடுமுறை.

எல்லாரையும் கூட்டி நிறுத்தினாள் செல்வி. "நாளைக்கு யாரு வருவீங்க?" என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் "வாரனுங்க" என்றுதான் சொல்வார்கள். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. மனசுக்குள் அழுதுகொண்டு வந்து நிற்பார்கள். செல்வி அப்படிக் கேட்கவில்லை.

"அவிங்கவிங்களுக்கு எந்த நாள விட முடியாதோ, அத மட்டும் சொல்லுங்க. கூச்சப்படாமச் சொல்லோணும். அந்த நேரத்துல உங்களக் கூப்பிட மாட்டேன்."

முதலில் தையல் மெஷின் எஸ்தர்தான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம காத்தால சர்ச்சுங்க. மத்தியானத்துக்கு மேல வந்துருவேன்." அவளோடு இன்னும் சிலர் தலையாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மலையேறி முருகனைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள் சிலர். வெள்ளி மத்தியானம் நூர்ஜஹானுக்குத் தொழுகை. சோமவார விரதக்காரி ஒருத்தி, திங்கள் சாயங்காலம் சீக்கிரம் போகவேண்டும் என்றாள். தன் ஊர்ச் சந்தை வியாழக்கிழமை என்றாள் இன்னொருத்தி.

பிரிண்டிங் மேசைப் பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். "எனக்குச் சாமியெல்லாம் பிரச்சன இல்லீங் அம்மணி. ஞாயித்துக்கெழமன்னா கறிதானுங்க."

"கறி இங்கயே ஆக்கிப்போடலாமுங்க" என்றாள் செல்வி.

ஆக்கியது நான். ஷெட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு. எஸ்தர் சர்ச்சிலிருந்து பட்டுப்புடவையோடு நேராக வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அவள் வரும்வரை அந்த மெஷினில் நூர்ஜஹான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை பாதிப் பேர் மலைக்குப் போன நேரத்தில் எஸ்தரும் நூர்ஜஹானும் வேலையை இழுத்துப் பிடித்தார்கள். வெள்ளி மத்தியானம் நூர்ஜஹான் தொழுகைக்குப் போனாள். முருக பக்தர்கள் பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டார்கள். விளக்கு வைத்த பிறகு ஒருநாளும் வேலை வாங்கவில்லை செல்வி. பகலில் ஏழு நாளும் மேசை காயவில்லை, ஒருவருடைய நாளும் கெடவில்லை. எல்லாருக்கும் வாரம் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் அந்தச் சரக்கு லாரி ஏறியிருக்காது. இதை எழுதும்போதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை லாரி கிளம்பியது. அந்த வாரம் முழுக்க ஊரிலேயே தங்கியிருந்த ஹன்னா ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினார். பழனிச்சாமியிடம் மட்டும் கறி நன்றாக இருந்தது என்றார். அவர்தான் சமைத்தார் என்று யார் சொன்னார்களோ! அவரும் மறுக்காமல் கும்பிட்டார். விருந்தாளியை எப்படித் தப்பு என்பது?

தவறாக அச்சான துண்டுகள் சென்னிமலையில் பல வீட்டுச் சுவர்களில் அந்த வருஷம் முழுக்கத் தொங்கின. பாத்திரம் துடைக்க ஒருத்தரும் எடுக்கவில்லை.

ஜூன்

அடுத்த வருஷத்துக்கான டிசைனை ஹன்னா அனுப்பினார். திங்களில் தொடங்கியது. ஓரத்து எண்களும் இருந்தன. செல்வி எதையும் தொடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"நங்கை, ஜூன் மாசத்துக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். போட்டிருந்தது. அதற்கு அடுத்த மாதங்கள் எல்லாம் ஒருநாள் தள்ளிப் போயிருந்தன.

"தப்புதான். எழுதி அனுப்பிடலாம்" என்றேன்.

"இருங்க. அவங்கூர்ல ஜூனுக்கு முப்பத்தொண்ணா இருக்குமோ?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. போன வருஷமும் இப்படித்தான் சந்தேகமே இல்லாமல் இருந்தோம் என்றாள். நெட்டில் தேடினோம். துபாயில் மகனைக் கேட்டோம். நூர்ஜஹானைக் கேட்டோம். உலகத்தில் யாருக்கும் ஜூன் முப்பதுக்கு மேல் போகவில்லை.

"மெயில் எழுதட்டுமா?"

"வேண்டாமுங்க. நானே பேசறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். எஸ்தர் மெஷினை நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஹன்னாவின் ஹலோ கேட்டது. செல்வி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மேடம், குட் ஈவினிங்ங்க. யுவர் டிசைன்... ஒன் மிஸ்டேக்ங்க. ஜூன் ஒன்லி தர்ட்டிங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற ஒலி. பிறகு ஹன்னா ஏதோ அவர்கள் மொழியில் சாமியைக் கூப்பிட்டார். "இங்கே நான்கு பேர் பார்த்தோம், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. செல்வி, இனிமேல் ஒவ்வொரு டிசைனையும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். நீங்கள் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு" என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஷெட்டே கை தட்டியது. செல்வி போனை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நங்கை, ஒரு மனுசிய மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லிப்போட்டனுங்க" என்றாள். "காபி வைங்க."